ஒரு பிட் கூட தொலையாத கதை: ஷார்ட்டன் முதல் ஃப்ளாக் வரை

போன மாதம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு விவாதம். ஒரே பாட்டு, வேவ் கோப்பாக ஒன்று, ஃப்ளாக் கோப்பாக ஒன்று. "வேவ்லதான் சார் கணீர்னு இருக்கு" என்று அடித்துச் சொன்னார் கூட வேலை பார்க்கும் தம்பி. அதெப்படி இருக்க முடியும் என்று கேட்க வாயெடுத்தவன், சோதித்துப் பார்க்காமல் பேசக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். அன்றிரவு தோண்ட ஆரம்பித்தது பத்து நாளுக்கு இழுத்துவிட்டது.

முதலில் கணக்கு. சிடியில் ஒரு நொடி இசை என்பது 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சேனல். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. 1990களின் ஹார்ட் டிஸ்க்கில் இதை எங்கே வைப்பது?

எம்பி3 சொன்ன வழி, காதுக்குத் தெரியாததைத் தூக்கி எறி என்பது. இன்னொரு வழியைக் காட்டியவர் கேம்பிரிட்ஜில் பேச்சுணர்தல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டோனி ராபின்சன். அவர் எழுதிய 'ஷார்ட்டன்' நிரலின் தத்துவம் ரொம்ப எளிமை. 1000, 1003, 1005 என்று எண்கள் வருகின்றன என்றால் எல்லாவற்றையும் முழுசாக எழுத வேண்டாம். 1000, பிறகு +3, +2 என்று எழுதினால் போதும். அடுத்து வரும் எண்ணை ஊகித்து, ஊகம் எவ்வளவு தவறியது என்பதை மட்டும் குறித்து வைப்பது. சின்ன எண்களுக்குக் குறைந்த பிட் போதும். திரும்பக் கூட்டினால் பழைய எண்கள் அப்படியே வந்துவிடும்.

பேச்சுப் பதிவுகளைச் சுருக்கப் பிறந்த இந்த நிரலை இசை உலகில் பரப்பியவர்கள் அமெரிக்கக் கச்சேரி ரசிகர்கள். கிரேட்ஃபுல் டெட் குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ள அனுமதித்தது. 1984இல் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். அதனால் இணையம் வந்ததும் எம்பி3 வேண்டாம் என்று ஷார்ட்டனைப் பிடித்துக்கொண்டார்கள். கோப்போடு எம்டி5 சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தே அனுப்பினார்கள். நூறாவது நகலும் முதல் நகல்தான் என்பதற்கு அது அத்தாட்சி.

2000இல் ஜோஷ் கோல்சன் தொடங்கி, 2001 ஜூலையில் 1.0 பதிப்பாக வெளியிட்டதுதான் ஃப்ளாக். அதே ஊக முறை, ஆனால் இன்னும் கூர்மையாக. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மூல ஒலியின் எம்டி5 எண்ணைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதிவைக்க இடம் உண்டு. ஆப்பிள் 2004இல் தனக்கென்று அலாக்கைக் கொண்டுவந்து, 2011இல் அதன் நிரலைத் திறந்துவிட்டது.

சரி, நம்ம தம்பியின் காது? அவருடைய வேவை ஃப்ளாக் ஆக்கி, மறுபடி வேவ் ஆக்கி ஒப்பிட்டேன். ஒரு பிட் கூட மாறவில்லை. அப்படியானால் அவர் கேட்டது பொய்யா? அதுவும் இல்லை. ஃப்ளாக் கோப்பில் 'ரீப்ளே கெயின்' குறிப்பு இருந்தது. பிளேயர் அதைப் படித்து ஒலியளவைக் கொஞ்சம் குறைத்திருந்தது. துளி சத்தம் கூடினாலே நம் காது அதை 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். இன்னொரு வில்லன் மாதிரி வீத மாற்றம். 44,100இல் உள்ள பாட்டைச் சில கணினிகள் 48,000 ஆக மாற்றித்தான் வெளியே விடும். அதைச் சுமாராகச் செய்தால் ஒலி கெடலாம். பிளேயருக்குப் பிளேயர் வித்தியாசம் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒலியளவைச் சமமாக்கிவிட்டு ஏபிஎக்ஸ் சோதனை வைத்தோம். ஏ, பி இரண்டையும் கேட்டுவிட்டு, பெயர் மறைத்த எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் கவனிக்கலாம். குருட்டாம்போக்கில் அப்படி வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. தம்பிக்கு 9. எனக்கு 7. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் வீட்டுக்கு வந்து சிரிக்க முடியவில்லை. என் அப்பா நன்றாகப் பாடுவார். கொலுவில் பாடியது ஒரு கேசட்டில் இருந்தது. 2003இல் அதைக் கணினியில் ஏற்றினேன். டிஸ்க்கில் இடம் இல்லை என்று 64 கேபிபிஎஸ் எம்பி3. கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது கேட்டால் 'ச' வரும் இடமெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் சலசலக்கிறது. சில வருஷம் முன்னால் அதை ஃப்ளாக்காக மாற்றியும் வைத்திருந்தேன், ஏதோ பத்திரப்படுத்திவிட்ட நினைப்பில். கோப்பின் அளவு பெருத்ததுதான் மிச்சம். தொலைந்த பிட்டை ஃப்ளாக் எங்கிருந்து கொண்டுவரும்? என்னிடம் இருந்த குப்பையை அது துளி மாறாமல் காப்பாற்றியது. அப்பா இன்று இல்லை.

ஃப்ளாக்கா வேவா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் யாருடைய குரலாவது கேசட்டில் இருந்தால், முதல் பதிவையே வேவிலோ ஃப்ளாக்கிலோ எடுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.