ரேஸில் ஒரு குதிரை விலகினால் ஆட்ஸ் ஏன் மாறுது? கட்டின பணத்துக்கு என்ன ஆகும்?

நீங்க 1,000 ரூபாய் கட்டின குதிரை ஜெயிச்சிருச்சு. ஆட்ஸ் 1-க்கு 4. அப்படின்னா 4,000 ரூபாய் லாபம் வரணும். ஆனால் வந்தது 2,400 ரூபாய்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பந்தயம் தொடங்கும் முன் வேறொரு குதிரை விலகியிருந்தால், இந்தக் கணக்கு விதிப்படி சரியாகவே இருக்கலாம்.

கேரளாவில் குதிரைப் பந்தய மைதானம் கிடையாது. கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் இருப்பவர்களுக்கு இருந்த பக்கத்து மைதானம், கோவை வழியாகப் போய்ச் சேரும் ஊட்டிதான். அங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடை சீசன் நடந்துவந்தது. குத்தகை பாக்கியைக் காரணம் காட்டி 2024-ல் தமிழ்நாடு அரசு அந்த நிலத்தை மீட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை கிண்டி ரேஸ்கோர்ஸின் குத்தகையையும் ரத்து செய்து சீல் வைத்தது. அந்த விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

மைதானம் மூடினாலும் பந்தயம் போகவில்லை. பெங்களூரு, மைசூரு, மும்பை ரேஸ்களும் வெளிநாட்டு ரேஸ்களும் இப்போது போனுக்கே வருகின்றன. அங்கே பலருக்கும் புரியாமல் போகிற விஷயம், விலகிய குதிரை பற்றிய விதி.

குதிரை ஏன் விலகுது?

பெரும்பாலும் உடம்பு சரியில்லாததால்தான். காலில் வீக்கம், நொண்டல், காய்ச்சல் என்று எதைக் கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தாலும் குதிரை ஓடாது. மழை பெய்து தரை இளகிவிட்டால், 'இந்தத் தரையில் என் குதிரை ஓட வேண்டாம்' என்று பயிற்சியாளர் முடிவெடுப்பதும் உண்டு. சில குதிரைகள் கடைசி நிமிடத்தில் ஸ்டார்டிங் கேட்டுக்குள் நுழையவே மறுக்கும். கேட்டில் முரண்டு பிடித்து அடிபடும் குதிரைகளும் உண்டு.

காரணம் எதுவானாலும், அந்தக் குதிரை மேல் நேரடியாகக் கட்டியவர்களுக்கு பந்தயத்தன்று வழி எளிது: பணம் திரும்ப வரும். சிக்கல் மற்ற குதிரைகள் மேல் கட்டியவர்களுக்குத்தான்.

ஆட்ஸுக்குள் என்ன இருக்கு?

ஆட்ஸ் என்பது வாய்ப்பின் விலை. 1-க்கு 4 என்றால், ஐந்தில் ஒரு வாய்ப்பு, அதாவது 20 சதவீதம். 1-க்கு 9 என்றால் 10 சதவீதம்.

நாலு குதிரை ஓடும் ஒரு ரேஸை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எண் போதும்.

1-ம் எண்: ஆட்ஸ் 1-க்கு 1.5. வாய்ப்பு 40 சதவீதம்.
2-ம் எண்: ஆட்ஸ் 1-க்கு 2. வாய்ப்பு சுமார் 33 சதவீதம்.
3-ம் எண்: ஆட்ஸ் 1-க்கு 4. வாய்ப்பு 20 சதவீதம்.
4-ம் எண்: ஆட்ஸ் 1-க்கு 9. வாய்ப்பு 10 சதவீதம்.

கூட்டினால் 103 சதவீதம். நூறுக்கு மேல் இருக்கும் அந்த 3 தான் புக்கியின் லாப இடைவெளி.

இப்போது 1-ம் எண் குதிரை விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது தன்னோடு 40 சதவீத வாய்ப்பையும் எடுத்துக்கொண்டு போகிறது. மீதம் இருப்பது 63 சதவீதம். நிச்சயம் யாராவது ஜெயிக்கத்தானே வேண்டும்? அதனால் மிச்சம் மூன்று குதிரைகளின் வாய்ப்பும் உயர்கிறது. 3-ம் எண் குதிரையின் வாய்ப்பு 20-லிருந்து ஏறத்தாழ 32 சதவீதம் ஆகிறது. அந்த வாய்ப்புக்கு நியாயமான ஆட்ஸ் 1-க்கு 2.2 அளவில்தான் இருக்கும். நீங்களோ 1-க்கு 4 என்று வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

பலமான போட்டியாளர் போனதால் உங்க வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் பழைய விலையிலேயே பணம் வேண்டும் என்றால், புக்கி ஒவ்வொரு முறையும் நஷ்டப்படுவார். இந்த இடைவெளியை யார் சுமப்பது என்பதற்கான பதில்தான் விதி. அது நீங்கள் எங்கே, எப்போது கட்டினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

புக்கியிடம் கட்டியிருந்தால்?

பிரிட்டனில் இதற்கு 'ரூல் 4' என்று பெயர். டாட்டர்சால்ஸ் கமிட்டியின் விதிகளில் நாலாவது என்பதால் அந்தப் பெயர். குதிரை விலகும் முன் கட்டப்பட்ட பந்தயங்களில், ஜெயித்தவரின் லாபத்திலிருந்து ஒரு பங்கைக் கழிக்கலாம் என்கிறது அது. எவ்வளவு கழிப்பது என்பதை, விலகிய குதிரைக்கு அந்த நேரத்தில் இருந்த ஆட்ஸ் முடிவு செய்யும். அட்டவணையிலிருந்து சில படிகள்:

விலகிய குதிரையின் ஆட்ஸ் 1-க்கு 1 முதல் 1.2 வரை: ரூபாய்க்கு 45 காசு கழிவு.
1-க்கு 1.25 முதல் 1.5 வரை: 40 காசு.
1-க்கு 2.5 முதல் 3 வரை: 25 காசு.
1-க்கு 6 முதல் 9 வரை: 10 காசு.
1-க்கு 10 முதல் 14 வரை: 5 காசு.
1-க்கு 14-ஐத் தாண்டினால்: கழிவு இல்லை.

நம் உதாரணத்தில் விலகியது 1-க்கு 1.5 குதிரை. ஆகவே 40 காசு கழிவு. 4,000 ரூபாய் லாபத்தில் 1,600 போனால் 2,400. கட்டிய 1,000 ரூபாயில் கை வைக்க மாட்டார்கள். மொத்தம் 3,400 ரூபாய் கையில் வரும். நியாயமான ஆட்ஸ் 2.2 என்று பார்த்தோம். உங்களுக்குக் கிடைத்தது 2.4. ஆக, கழிவு என்பது அபராதம் அல்ல, விலைத் திருத்தம்.

மூன்று விஷயங்களை இங்கே கவனிக்கணும். ஒன்று, கழிவு லாபத்தில் மட்டும்தான். இரண்டு, ஒன்றுக்கு மேல் குதிரைகள் விலகினாலும் மொத்தக் கழிவு ரூபாய்க்கு 90 காசைத் தாண்டாது. மூன்று, குதிரை விலகிய பிறகு போடப்பட்ட புது ஆட்ஸில் கட்டியவர்களுக்குக் கழிவே கிடையாது. அவர்கள் வாங்கிய விலையிலேயே அந்தத் திருத்தம் அடங்கிவிட்டது.

இந்திய கிளப்புகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. கழிவு அளவு கிளப்புக்குக் கிளப் மாறலாம் என்பதால், அந்தந்த கிளப்பின் விதியைப் பார்ப்பதுதான் சரி.

டோட்டில் கட்டியிருந்தால்?

டோட் வேறு மாதிரி. அங்கே முன்கூட்டியே விலை கிடையாது. எல்லோரும் கட்டும் பணம் ஒரே பூலில் சேரும். நிர்வாகப் பங்கும் வரியும் போக மீதியை, ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

ஒரு கணக்கு: பூலில் 10 லட்சம் ரூபாய். 1-ம் எண் மேல் 4 லட்சம், 2-ம் எண் மேல் 3 லட்சம், 3-ம் எண் மேல் 2 லட்சம், 4-ம் எண் மேல் 1 லட்சம். கழிவு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3-ம் எண் ஜெயித்தால் 8 லட்சத்தை 2 லட்சத்தால் வகுக்கணும். ரூபாய்க்கு 4 ரூபாய்.

1-ம் எண் விலகினால் அதன் 4 லட்சம் கட்டியவர்களுக்கே திரும்பும். பூல் 6 லட்சமாகச் சுருங்கும். 20 சதவீதம் போக 4.8 லட்சம். இப்போது 3-ம் எண்ணுக்கு ரூபாய்க்கு 2.40 தான். திரும்பக் கிடைத்த பணத்தில் 2 லட்சத்தை மக்கள் 2-ம் எண் மேல் போட்டால், பூல் 8 லட்சம் ஆகி, 3-ம் எண்ணின் டிவிடெண்ட் 3.20-க்கு ஏறும். அதனால்தான் ஒரு குதிரை விலகிய அடுத்த சில நிமிடங்களில் டோட் திரையில் எண்கள் மேலும் கீழும் ஆடும். இங்கே தனியாக ஒரு கழிவு விதியே தேவையில்லை. பூல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

பல நாள் முன்பே கட்டியிருந்தால்?

இங்கேதான் பணம் முழுசா போகும். பெரிய ரேஸ்களுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்பே பந்தயம் எடுப்பார்கள். ஆட்ஸ் தாராளமாக இருக்கும். காரணம், குதிரை ஓடாமலே போகும் ஆபத்தும் அந்த விலைக்குள் இருக்கிறது. குதிரை விலகினால் கட்டிய பணம் திரும்பாது. 'ஓடாவிட்டால் பணம் வாபஸ்' என்று தனியாக அறிவித்திருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

2023 கென்டக்கி டெர்பி நல்ல உதாரணம். அந்த வாரத்தில் ஐந்து குதிரைகள் விலகின. கடைசியாக, பந்தய நாளான மே 6 காலையில், ஃபேவரிட்டாக இருந்த ஃபோர்ட் கால் அடிபட்டதால் விலக்கப்பட்டது. 18 குதிரைகள் ஓடின. ஏஞ்சல் ஆஃப் எம்பயர் புது ஃபேவரிட் ஆகி மூன்றாவதாக வந்தது. ஜெயித்தது 1-க்கு 15 ஆட்ஸில் இருந்த மேஜ். அன்றைய பூலில் ஃபோர்ட் மேல் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. மாதங்களுக்கு முன்பே எதிர்காலப் பந்தயத்தில் கட்டியவர்களுக்குத் திரும்பவில்லை. ஒரே குதிரை, ஒரே காரணம். கட்டிய நேரம்தான் வேறு.

பிளேஸ், கூட்டுப் பந்தயம் என்ன ஆகும்?

'வின்' இல்லாமல் 'பிளேஸ்' கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது, ஓடும் குதிரைகளின் எண்ணிக்கை. பிரிட்டனின் வழக்கமான விதியில் 8 அல்லது அதற்கு மேல் ஓடினால் முதல் மூன்று இடத்துக்குப் பணம் உண்டு. 5 முதல் 7 வரை என்றால் இரண்டு இடம்தான். எட்டில் ஒன்று விலகி ஏழானால், மூன்றாவதாக வரும் உங்க குதிரைக்கு ஒன்றும் கிடைக்காது. விலகியது யாருமே கட்டாத குதிரையாக இருந்தாலும் இதே கதைதான்.

பல ரேஸ்களைக் கோர்த்துக் கட்டும் பந்தயத்தில், பிரிட்டிஷ் புக்கிகளிடம் ஒரு குதிரை விலகினால் அந்தக் கண்ணி மட்டும் கழன்றுவிடும். மூன்று ரேஸ் பந்தயம் இரண்டு ரேஸ் பந்தயமாகும். பிரிட்டிஷ் டோட் ஜாக்பாட்டில் உங்க தேர்வு அந்த ரேஸின் ஃபேவரிட்டுக்கு மாற்றப்படும். நீங்கள் விரும்பாத குதிரையாகவே இருந்தாலும்!

இந்தியாவில் சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாடு 1974-லேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பை அரசே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் 1986 சட்டத்தை ரத்து செய்தது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்றும் சொன்னது. மைதான வளாகத்துக்குள் உரிமம் பெற்ற புக்கியும் டோட்டும் இயங்குவது இந்தப் பின்னணியில்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ரேஸ் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது.

போனில் நடப்பது வேறு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வதும் குற்றம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை.

தண்டனை இல்லை என்பதால் பாதுகாப்பு இருக்கு என்று அர்த்தமில்லை. மேலே பார்த்த எல்லா விதிகளுக்கும் ஒரு நடுவர் தேவை. குதிரை எத்தனை மணிக்கு விலகியது, அப்போது ஆட்ஸ் என்ன, உங்க பந்தயம் அதற்கு முன்னா பின்னா, கழிவு எவ்வளவு என்று நாலு கேள்விகள் வரும். மைதானத்தில் ஸ்டீவர்டுகள் இருக்கிறார்கள், அச்சிட்ட விதி இருக்கிறது, கையில் டிக்கெட் இருக்கிறது. டெலிகிராம் குழுவில் இருக்கும் புக்கியோ, எங்கிருந்து இயங்குகிறது என்றே தெரியாத ஆப்போ '40 காசு' என்பதை '60 காசு' என்று சொன்னால், எந்த அட்டவணையைக் காட்டிக் கேட்பீங்க? ஓடாத குதிரைக்கு அன்றைக்குத் திரும்ப வேண்டிய பணம் 'வாலெட் போனஸ்' ஆக மாறினால் எங்கே புகார் கொடுப்பீங்க? சட்டவிரோதப் பந்தயத்தில் வர வேண்டிய பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது.

விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடி மறுபடி கட்டுவது உங்களுக்கோ உடன் வேலை பார்ப்பவருக்கோ பழக்கமாகிவிட்டால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசலாம்.