நாள் குறித்த வரலாறும் நாள் குறியா வரலாறும்

“வரலாற்றில் இன்றைய நாளின் சிறப்பு யாது?” என்னும் வினாவை நாளிதழும் வானொலியும் பள்ளிக் காலைக் கூட்டமும் நாள்தோறும் எழுப்பி வருகின்றன. பிள்ளைகள் நெஞ்சில் வரலாற்றைப் பதிக்க இஃது எளிய வழி, இனிய வழியுங்கூட. எனினும், பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பத்தார் இவ்வினாவைச் சற்றே ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நாட்காட்டி எவற்றை நினைவில் வைக்கிறது? எவற்றை விட்டுவிடுகிறது? இதற்கு விடை காண அந்தமான் தீவுகளுக்கு, சிறப்பாகப் பாராடாங் தீவுக்குச் செல்வோம்.

நாள் குறித்தவை

அந்தமான் வரலாற்றில் நாள் குறித்த நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பின், முதற் கைதிகள் 200 பேர் போர்ட் பிளேரில் வந்திறங்கியது 1858 மார்ச் 10. (அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது.) வைஸ்ராய் மேயோ பிரபு, ஷேர் அலி என்னும் கைதியின் கத்திக்கு இரையானது 1872 பிப்ரவரி 8. ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றியது 1942 மார்ச் 23. நேதாஜி அங்கே கொடியேற்றியது 1943 டிசம்பர் 30.

இவற்றுக்கெல்லாம் நாள் கிடைத்தது எவ்வாறு? கப்பலுக்குக் குறிப்பேடு இருந்தது. சிறைக்குப் பதிவேடு இருந்தது. அரசுக்கு எழுத்தர் இருந்தனர். எழுதி வைத்தவர் குறித்த நாளே நாட்காட்டிக்கும் நாளாயிற்று.

எழுதப்பட்ட நாள்களும் ஒரே தரத்தில் நினைக்கப்படுவதில்லை. சனவரி 30 என்றவுடன் 1948இல் அண்ணல் காந்தியடிகள் மறைந்த துயரம் நம் கண்முன் நிற்கிறது. அதே சனவரி 30இல், 1944ஆம் ஆண்டு, ஹம்ஃப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் ஜப்பானியர் 44 பேரை ஒற்றர் என ஐயுற்றுச் சுட்டுக் கொன்றனர். தீவுகளுக்கு வெளியே அதனை அறிந்தோர் எத்துணைப் பேர்? சனவரி 26 நமக்குக் குடியரசு நாள். 2010இல் அதே நாளில் போவா என்னும் மூதாட்டி மறைந்தார். பேரந்தமானியர் மொழிகளுள் ஒன்றாகிய ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவரே. நாடு விழாக் கொண்டாடிய நாளில் ஒரு மொழி அவரோடு அவிந்தது. மொழியை உயிரென மதிக்கும் தமிழர் அந்நாளை எளிதில் கடந்து செல்லலாமா?

நாள் குறியாதவை

இனிப் பாராடாங்குக்கு வருவோம். தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த தீவு அது. சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகையும் காணப் பயணிகள் அங்கே திரள்கின்றனர். முற்காலத்தில் அத்தீவு பூச்சிக்வார் என்னும் பேரந்தமானியக் குழுவினரின் வாழிடமாக இருந்தது. அவர்கள் எப்போது மறைந்தனர்? வினாடி வினா நடத்துவோர் எவரும் இதற்கு ஒரு நாளைக் கூற இயலாது. 1877இல் பரவிய தட்டம்மையும் குடியேற்றத்தோடு வந்த பிற நோய்களும் பேரந்தமானியரைச் சிதைத்தன. 1901 கணக்கெடுப்பில் எல்லாக் குழுவினரும் சேர்ந்து 625 பேர், 1931இல் 90, 1961இல் 19. ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஏதோ ஓராண்டில் பூச்சிக்வார் தனிக்குழுவாக இல்லாதொழிந்தனர். எஞ்சிய பேரந்தமானியரின் வழித்தோன்றல்கள் சிலர் இன்று ஸ்ட்ரெய்ட் தீவில் வாழ்கின்றனர்.

நாள் இல்லாமையால் வரலாறு இல்லையெனலாமா? இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு பேசுகிறது. நிக்கோபாரை மாநக்கவாரம் எனக் குறிக்கிறது. ஆய்வாளர் அதனை ஏறத்தாழ 1025 என்பர். நாம் பெருமையுறும் அந்நிகழ்ச்சிக்கும் நாட்காட்டியில் ஒரு தாள் இல்லை.

பூவால் அளந்த ஆண்டு

அத்தீவு மக்கள் காலக் கணக்கு அறியாதவர் அல்லர். 1906 முதல் 1908 வரை அவர்களிடையே ஆய்வு நடத்திய ரேட்கிளிஃப் பிரவுன் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஓர் அரிய செய்தியைப் பதிந்துள்ளார். காட்டில் மரங்களும் கொடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். தேனின் மணமும் அதற்கேற்ப மாறும். அம்மணங்களைக் கொண்டே அவர்கள் ஆண்டின் பருவங்களைப் பெயரிட்டு அழைத்தனர்.

இது தமிழர்க்கு வியப்பூட்டினும் அயலானதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்துக்குப் பூவாலும் மரத்தாலும் பெயரிட்டவர் நம் முன்னோர். நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருளாக வைத்தது தொல்காப்பியம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியைக் கொண்டு பளியர் தம் அகவையை எண்ணினர் என்பர். நாம் நிலத்தைப் பூவால் அழைத்தோம்; அவர்கள் காலத்தைப் பூவால் அழைத்தனர். இத்துணை நெருங்கிய சிந்தனை உடையோர் மறைந்தது நமக்கும் இழப்பேயாகும்.

நம் இல்லத்து நாள்கள்

புலம்பெயர்ந்தோர் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; இலங்கை மலையகத்தார் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்த குடும்பங்களுட் சில நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டப் பணிக்குக் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அத்தீவைப் பெரிதும் அழித்தது. ஒப்பந்தத்துக்கு நாள் உண்டு. பேரலைக்கும் நாள் உண்டு. ஆயின் ஒரு தாய் கைக்குழந்தையோடு கப்பலேறிய நாளை, புதுக்கரையில் முதல் உலை வைத்த நாளை எந்த நாட்காட்டி குறித்தது?

ஆகவே, பிள்ளைகளிடம் நாள்தோறும் வரலாற்று வினாக் கேட்கும் நல்வழக்கத்தைக் கைவிடாது, அதனோடு மற்றொன்றையும் சேர்ப்போம். “நம் வீட்டுப் பெரியவர் எப்போது இக்கரை சேர்ந்தார்?” என்று கேட்கச் செய்வோம். பாட்டியார் நாளும் ஆண்டும் கூறாது, “மழை பிடித்த காலம்” என்றோ, “மாமரம் பூத்திருந்தது” என்றோ சொல்லக்கூடும். அதனைப் பிழையெனத் திருத்தாமல், அவர் சொன்ன சொல்லிலேயே குறிப்பேட்டில் எழுதி வைப்போம். பாராடாங்கின் பழங்குடியார் மறைந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. நமக்கோ மொழியும் எழுத்தும் உள்ளன, கேட்பதற்கு முதியோரும் இன்னும் உள்ளனர்.