கிலோ முதல் குவெட்டா வரை: அளவுகளைக் குறிக்கும் முன்னொட்டுகள்

புதிதாக வாங்கிய 1 டெராபைட் வன்தட்டை விண்டோஸ் கணினியில் இணைத்தால், திரையில் ஏறத்தாழ 931 ஜிபி என்றே காட்டும். ஏமாற்றப்பட்டோமோ என்று பலர் ஐயுறுவதுண்டு. உண்மையில் கொள்ளளவு குறையவில்லை. கணக்கிடும் முறைதான் வேறு.

மெட்ரிக் முறையில் கிலோ என்பது 1,000. மெகா 10 லட்சம். கிகா 100 கோடி. டெரா 1 லட்சம் கோடி. வன்தட்டுத் தயாரிப்பாளர்கள் இதையே பின்பற்றுகின்றனர். ஆனால், இரும எண்களில் இயங்கும் கணினி நினைவகத்துக்கு 1,024 என்ற எண்ணே வசதியானது. அதையும் கிலோ என்று அழைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. மொத்த பைட்டுகளை விண்டோஸ் 1,024-ஆல் மும்முறை வகுப்பதால் 931 கிடைக்கிறது. இக்குழப்பத்தைத் தீர்க்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் கிபி, மெபி போன்ற தனி முன்னொட்டுகளை வகுத்தது. எனினும், அன்றாடப் பேச்சில் அவை எடுபடவில்லை.

பிரான்ஸின் வெர்சாய் நகரில் 2022 நவம்பரில் கூடிய எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு ரோன்னா, குவெட்டா, ரோன்டோ, குவெக்டோ ஆகிய நான்கு முன்னொட்டுகளைப் புதிதாகச் சேர்த்தது. 1991-க்குப் பிறகு நடந்த முதல் விரிவாக்கம் இது. பெருகிவரும் மின்னணுத் தரவுகளே இதற்கு முக்கியக் காரணம். ரோன்னா என்பது 1-ஐத் தொடர்ந்து 27 சுழியங்கள், குவெட்டாவுக்கு 30. இதன்படி, பூமியின் நிறை சுமார் 6 ரோன்னாகிராம். வியாழனின் நிறை சுமார் 2 குவெட்டாகிராம்.