ஷெனெக்டடியில் விளைந்த வைரம்

1993-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு சிறு கடிதம் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செயற்கை வைர ஆய்வில் ஈடுபட்டிருந்த ஹெர்பர்ட் ஸ்ட்ராங், ஃபிரான்சிஸ் பண்டி, ராபர்ட் வென்டார்ஃப் முதலியோர் அதில் கையொப்பமிட்டிருந்தார்கள். 1954 டிசம்பர் 8 அன்று ஸ்ட்ராங் தொடங்கிய சோதனையில் கிடைத்த கல்லைத் தங்கள் முதல் செயற்கை வைரம் என்று ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நம்பியிருந்தவர்கள் அவர்கள். அது செயற்கை வைரமே அல்ல, விதையாக உள்ளே இட்ட இயற்கை வைரத்தின் துணுக்கு என்று இப்போது அவர்களே எழுதினார்கள். தங்கள் பெருமைக்குரிய கல்லைத் தாங்களே மறுபடி சோதித்து, முடிவை மறைக்காமல் அச்சேற்றிய அந்த நேர்மை பெரிது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது நைட்ரஜன். பூமியின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பத்தில் கிடக்கும் வைரத்தில் நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து கூட்டுச் சேர்ந்துகொள்கின்றன. ஆய்வகத்தில் சில மணி நேரத்தில் விளையும் கல்லில் அவற்றுக்கு அதற்கான அவகாசமில்லை. பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கின்றன. அகச்சிவப்புக் கதிரில் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

வைரம் வெறும் கரிதான் என்பதை லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட் 1797-இலேயே நிறுவிவிட்டார். அப்படியானால் கரியை வைரமாக்க முடியாதா என்ற கேள்வி அடுத்த நூற்றாண்டு முழுவதும் பலரை ஆட்டிவைத்தது. பிரான்சில் ஆன்றி முவாசான் 1893-இல் உருகிய இரும்பில் கரியைக் கரைத்து, சட்டென்று குளிரவைத்து வைரம் கண்டதாக அறிவித்தார். நீராவிச் சுழலியை உருவாக்கிய சார்லஸ் பார்சன்ஸ் பல ஆண்டுகள் முயன்றபின், அதுவரை யாருமே வைரம் செய்ததில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இதில் இறங்கியது நகைக்காக அல்ல. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிகளையும் விமான உறுப்புகளையும் கடைய டங்ஸ்டன் கார்பைடு வெட்டுளிகள் தேவைப்பட்டன. அந்த உளிகளைத் தீட்ட வைரத்தூள் வேண்டும். வைரமோ ஆப்பிரிக்காவில், விற்பனை டி பியர்ஸ் நிறுவனத்தின் பிடியில். ஒரு நாட்டின் பட்டறைகள் இன்னொருவர் கல்லை நம்பி ஓடின. நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடி நகரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு இந்த வேலை வந்தது இப்படித்தான்.

அங்கே டிரேசி ஹால் என்ற வேதியியலாளர், சக ஆய்வாளர்கள் அதிகம் நம்பாத ஒரு வடிவமைப்பைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சிறு அறை, மேலும் கீழும் கூம்பு வடிவ உளிகள், சுற்றிலும் இறுகப் பிடிக்கும் கார்பைடு வளையம். ‘பெல்ட்’ என்று அதற்குப் பெயர். 1954 டிசம்பர் 16 அன்று, பழைய 400 டன் அழுத்தி ஒன்றில் இதைப் பொருத்திச் சோதித்தார். உள்ளிருந்ததை உடைத்துப் பார்த்தபோது எண்முகப் படிகங்களின் முக்கோண முகங்கள் ஒளியை வீசின. கை நடுங்கியது, உட்கார வேண்டியதாயிற்று என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த மாத இறுதியிலேயே சக ஊழியர் ஒருவர் அதே முறையில் மறுபடி செய்து காட்டினார். அதனால்தான் 1993-இன் அறிவிப்பு ஹாலின் வெற்றியைத் தொடவில்லை.

இரும்பு, நிக்கல் போன்ற உலோகங்களை உருக்கி, அதில் கிராஃபைட்டைக் கரையவிடுவதுதான் சூட்சுமம். சுமார் 50,000 முதல் 60,000 வளிமண்டல அழுத்தத்தில், 1,300 டிகிரி செல்சியஸுக்கு மேல், கரைந்த கரி வைரமாகப் படிகிறது.

ஹாலுக்குக் கிடைத்த வெகுமதி 10 டாலர் சேமிப்புப் பத்திரம். மனம் நொந்தவர் அடுத்த ஆண்டே யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே தன் சொந்த இயந்திரத்தையே பயன்படுத்த முடியவில்லை; அரசு அதை இரகசியம் என்று முத்திரையிட்டிருந்தது. நான்கு உளிகள் நான்கு பக்கமிருந்து அழுத்தும் வேறோர் அழுத்தியைப் படைத்தார். அதையும் அரசு சில காலம் இரகசியமாக்கியது. இவ்வளவு பெரிய சாதனைக்கு இது நியாயமான பரிசல்ல.

நியாயம் பேசினால் ஸ்வீடனையும் சொல்ல வேண்டும். ஏ.எஸ்.இ.ஏ. (ASEA) என்ற மின்பொறி நிறுவனத்தில், பால்ட்சார் வான் பிளாட்டன் வடிவமைத்த இயந்திரத்தில், 1953 பிப்ரவரியிலேயே வைரத் துகள்கள் விளைந்துவிட்டன. அவர்கள் வாய் திறக்கவில்லை. ஷெனெக்டடி 1955 பிப்ரவரியில் ஊரறியச் சொன்னது; பெயரும் அதற்கே போயிற்று.

1957-இல் தூள் வைரம் விற்பனைக்கு வந்தது. இன்று கிருஷ்ணகிரி வட்டாரக் குவாரிகளில் கிரானைட்டை அறுக்கும் கம்பியில் கோத்திருப்பது இந்தப் பரம்பரையில் வந்த செயற்கை வைரம்தான். எண்ணெய்க் கிணறு தோண்டும் துரப்பண முனைகளிலும் அதுவே.

பேரழுத்தம் தேவைப்படாத இன்னொரு வழியும் இருந்தது. மீத்தேனையும் ஹைட்ரஜனையும் குறைந்த அழுத்தத்தில் நுண்ணலையால் சூடாக்கினால், விதைத் தகட்டின்மேல் கரி அணுக்கள் படலம் படலமாகப் படியும். கிராஃபைட்டாகப் படிவதை ஹைட்ரஜன் அரித்துத் தள்ளிவிடும். அமெரிக்காவிலும் மாஸ்கோவிலும் தொடங்கிய இந்த ஆவிப் படிவு முறையை, 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுகுபா ஆய்வாளர்கள் மற்றவர்களும் செய்யக்கூடிய நுட்பமாக்கினார்கள். அதன்பின் வைரம் தூளாக மட்டுமின்றித் தகடாகவும் கிடைத்தது. செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் தகடு அது. பிரான்சில் கட்டப்படும் ஐடெர் அணுப்பிணைவு உலையில் மெகாவாட் அளவு நுண்ணலை உள்ளே நுழையும் சன்னல்கள் வைரத் தகடுகளே. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள் கற்றை தடம் புரள்கிறதா என்று கண்காணிப்பவையும் வைர உணரிகள்.

வைரத்தின் குறைகளைத் தேடிப் பார்த்து வாங்குவது நம்மவர் வழக்கம். மதுரை இரத்தினக் கடைவீதியைப் பாடும் சிலப்பதிகாரமே வைரத்தின் நான்கு குற்றங்களைச் சொல்கிறது. இன்றைய இயற்பியலாளரோ குறையை வேண்டுமென்றே விதைக்கிறார். படிகத்தில் ஒரு கரி அணு இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன், அதற்குப் பக்கத்து இடம் வெறுமை. பச்சை ஒளியைப் பாய்ச்சினால் இந்தக் குறை சிவப்பாக ஒளிரும். அருகிலுள்ள காந்தப்புலத்துக்கு ஏற்ப அந்த ஒளி மாறும். உறைகுளிர் இல்லாமல், சாதாரண அறை வெப்பத்திலேயே இது வேலை செய்கிறது. 1997-இல் ஜெர்மனியில் இத்தகைய ஒற்றைக் குறையைத் தனியே கண்டறிந்தார்கள். 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ரொனால்டு ஹான்சன் குழு, 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு செயற்கை வைரங்களைக் குவாண்டம் பிணைப்பில் கோத்து, தொலைவிலுள்ள துகள்களுக்கிடையே அப்படியொரு பிணைப்பு உண்மையில் உண்டா என்ற ஐன்ஸ்டைன் காலத்து விவாதத்தில், முந்தைய சோதனைகள் விட்டுவைத்த முக்கிய ஓட்டைகளை ஒரே சோதனையில் அடைத்தது.

இந்தியாவில் பேச்செல்லாம் மோதிரத்தைச் சுற்றியே நிற்கிறது. சூரத்தின் கூடங்களில் ஆவிப் படிவு வைரம் ஏராளமாக விளைகிறது. விலையோ ஆண்டுக்காண்டு சரிகிறது. 2023 மத்திய பட்ஜெட்டில் செயற்கை வைர விதைகளுக்கான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. அதோடு ஓர் ஆய்வு மையத்துக்கு ஐந்தாண்டுகளில் சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கி, அந்தப் பொறுப்பைச் சென்னை ஐஐடியிடம் கொடுத்தார்கள். விதையையும் வளர்க்கும் இயந்திரத்தையும் உள்நாட்டிலேயே செய்வது அதன் வேலை.