பத்தாம்பசலி

"அவர் சரியான பத்தாம்பசலி" என்னும் ஏச்சு நம் இல்லங்களில் இன்றும் ஒலிக்கக் கேட்கிறோம். பாட்டனாரின் கண்டிப்பையும் பாட்டியாரின் அறபுத்தமிழ்க் கிதாபையும் ஒரே மூச்சில் ஒதுக்கித் தள்ள இளையோருக்கு இந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. பழைமைக்கு வசையாகிவிட்ட இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சும்.

'பசலி' அறபு மூலத்தையுடையது. 'ஃபஸ்ல்' என்றால் பிரிவு, பருவம் என்று பொருள். பருவத்தை ஒட்டிய ஆண்டு 'ஃபஸ்லீ' ஆயிற்று.

ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கில் அமைந்தது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. வணக்கங்களுக்கு அதுவே உரிய கணக்கு. ஆனால் நிலவரியையும் அதன்படியே தண்டினால், 32 அறுவடை கண்ட உழவன் 33 ஆண்டு வரி செலுத்த நேரிடும். இந்த அநீதியைக் களையவே பேரரசர் அக்பர், தாம் அரியணை ஏறிய ஹிஜ்ரி 963ஐ (கி.பி. 1556) அடியாகக் கொண்டு, பயிர்ப் பருவத்தைத் தழுவிய பசலியை ஏற்படுத்தினார். தக்காணத்தில் அதனை 1636இல் புகுத்தியவர் ஷாஜஹான். அப்போது ஹிஜ்ரி 1046. அன்று ஒன்றாக நின்ற இரு கணக்குகளும் பின்னர் விலகின. 2025 ஜூலையில் பசலி 1435 பிறந்தபோது ஹிஜ்ரி 1447 நடந்துகொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டின் அருமையை உணர வேண்டுமாயின், உமறுப் புலவர் அடங்கியுள்ள எட்டயபுரத்தை அடுத்த விளாத்திகுளம் கரிசல் சீமையைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் உளுந்தும் பருத்தியும் மிளகாயும் விளையும் மண் அது. களம் நிறையுமுன் கிஸ்தி கேட்டால் குடியானவர் எதை விற்றுக் கட்டுவார்? அருகிலுள்ள முத்துக்குளித்துறையிலும் இதே நியதிதான். வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்த பின்னரே முத்துக்கு மூழ்குவோர் இறங்கினர்; பிறையைப் பார்த்துக் கடல் அமைதியடைவதில்லை.

ஆங்கிலேயரும் இக்கணக்கைக் கைவிடவில்லை. சென்னை மாகாணத்தில் ஆடி முதல் நாளில் தொடங்கிவந்த பசலியை 1855இல் ஜூலை முதல் தேதிக்கு மாற்றியதோடு நின்றனர். விளாத்திகுளம் தாலுகாவில் இன்றும் ஜமாபந்தி பசலிக் கணக்கின்படியே நடைபெறுகிறது. தாலுகா, ஜமாபந்தி, கிஸ்தி, வசூல் ஆகிய சொற்களும் அறபு வேரில் முளைத்தவையே.

அப்படியானால் 'பத்தாம்' பசலி எது? வடக்கே 963இலும் தெற்கே 1046இலும் தொடங்கிய கணக்கில் பத்தாம் ஆண்டு என ஒன்று இருந்ததே இல்லை! அந்த ஆண்டில் எவரும் வரி கட்டவில்லை, எவரும் வாழவுமில்லை. நாம் எள்ளி நகையாடும் அந்தப் 'பழங்காலம்' கற்பனையே. உண்மையான பசலியோ, அக்காலத்தின் துணிவான சீர்திருத்தம்.

மார்க்கமும் இந்த வேறுபாட்டைப் போற்றியிருக்கிறது. பணத்தின் ஜகாத்துக்குச் சந்திர ஆண்டு ஒன்று நிறைய வேண்டும். தானியத்தின் ஜகாத்தோ அறுவடையின்போதே கடமையாகிறது. பிறையையும் பயிரையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர். அவர்களிடமிருந்து வந்த வழக்கமொன்றை விலக்கும் முன், எந்தத் தேவைக்காக அது பிறந்தது, அத்தேவை இன்றும் உண்டா என்று கேட்டறிவதே முறை. தேவை தீர்ந்திருந்தால் விட்டுவிடலாம். பசலியைக் கண்டவர்களும் பொருந்தாத கணக்கை விட்டவர்களே. கேளாமலே 'பத்தாம்பசலி' என்று ஏசுவதுதான் அறியாமை.