மயிலாடி மகாராசன் பெற்ற அழைப்பு

கிறித்தவ வாழ்வில் பதவி வேறு, அழைப்பு வேறு. பதவியை மனிதர் வழங்கலாம். அழைப்பையோ உள்ளமே உணர்தல் வேண்டும். இதற்குத் தென்திருவிதாங்கூர் வரலாறு தரும் சிறந்த சான்று மயிலாடி மகாராசனின் வாழ்க்கையாகும்.

மகாராசன் சாம்பவர் குலத்தில் பிறந்தவர். அந்நாளில் நம்மவர் தலைவரி செலுத்தினர். கூலியின்றி ஊழியம் செய்தனர். பொது வழிகளில் நடக்கவும் தடை இருந்தது. மெய்ப்பொருளை நாடிய அவர், முன்பு நந்தனார் நாடிய தில்லைக்கே யாத்திரை சென்றார். அங்கு மன அமைதி கிட்டவில்லை. திரும்பும் வழியில் தஞ்சையில் நற்செய்தியைக் கேட்டார். கோலாப் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

அவர் தஞ்சையிலேயே தங்கியிருக்கலாம். ஆயினும் இழிவு காத்திருந்த மயிலாடிக்கே திரும்பினார். தாம் பெற்றதைத் தம் உறவினருக்குக் கற்பித்தார், எதிர்ப்புகளைத் தாங்கினார். பின்னர் ரிங்கல்தௌபே ஐயரைத் தரங்கம்பாடியில் கண்டு, தம் மக்களிடம் வருமாறு வேண்டினார். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த அந்த ஜெர்மானியர் 1806ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் வரலாற்றை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகிறது.

ஊழியத்திலிருந்தும் வரியிலிருந்தும் விடுதலை கிடைக்குமென்று எண்ணித் திருமுழுக்குக் கேட்டு வந்தோர் பலர். ரிங்கல்தௌபே அவர்களின் நோக்கத்தை ஆராய்ந்த பின்னரே ஏற்றார். இதைச் சுட்டிக்காட்டி நம் முன்னோரின் விசுவாசத்தையே ஏளனம் செய்வோர் உளர். வெயிலில் வாடியவன் நிழலைத் தேடியது குற்றமா? அன்று. ஆனால் நிழல் கிட்டாதபோதும் விலகாது நிற்பவனிடமே அழைப்பின் மெய்ம்மை விளங்கும்.

1816இல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துச் சென்றார். 1818இல் மீட் ஐயர் வரும்வரை அங்கு வேறு மிஷனரி இல்லை. அவ்விடைக்காலத்தில் சபைகளைக் காத்தவர் வேதமாணிக்கமே.

இளைஞர்களே! மிஷனரி வந்து நம்மை அழைத்தார் என்றே பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். மயிலாடியிலோ மிஷனரியை அழைத்து வந்தவர் நம்மவர். சபையிலும் சங்கத்திலும் பொறுப்பேற்க முன்வருவோர், பெயரும் ஊதியமும் இல்லையெனினும் இப்பணியைச் செய்வோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்று உள்ளம் உரைக்குமாயின், தயங்காது முன்வருக.