கதைக்கப் பழக வேண்டியது யாரு?

ஓட்டிசம் உள்ள பிள்ளையைப் பற்றி எங்க பக்கம் முதல்ல கேட்கிறது, "பேசுமா?" என்றுதான். பேச்சு வந்த பிள்ளைக்கும் எப்ப தொடங்கணும், எப்ப நிறுத்தணும், எதிரில் நிற்பவருக்குச் சலிச்சுப்போச்சா என்பதெல்லாம் பிடிபடாமல் இருக்கலாம். இதைப் பழக்க முயன்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 8 பேருக்குப் பேச்சு இருந்தது; ஆனால் அது மற்றவரோடு கருத்தைப் பகிர உதவவில்லை என்று குறித்தார். பிறகு பழி தாய்மார் மேல் விழுந்தது. தாயிடம் பாசம் இல்லாததால்தான் பிள்ளை ஒடுங்கிப்போனது என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் புத்தகமாகவே பரப்பினார். ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பனான பேர்னாட் ரிம்லண்ட், இது உடல் சார்ந்தது என்று 1964இலேயே வாதிட்டிருந்தார். எங்க லயத்திலும் இந்தப் பழி புதுசில்லை: "பிள்ளைக்காம்பராவில் போட்டுட்டு கொழுந்து எடுக்கப் போனா, இப்படித்தான்!" வேலைக்குப் போகாமல் அந்தத் தாய் என்ன செய்வாள் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்து வந்தது பயிற்சி. கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ், வாரம் 40 மணித்தியாலம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்ததாக 1987இல் எழுதினார். அந்தப் பயிற்சியில் அதட்டலும், சில வேளை தொடையில் அடியும் இருந்தன. 1990களில் மிச்சிகன் ஆசிரியை கரோல் கிரே வேறு வழி பிடித்தார்: கடைக்குப் போனால் என்ன நடக்கும், அங்கே உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதைச் சின்னக் கதையாக எழுதிக் கொடுப்பது. கட்டளை குறைவு, விளக்கம் கூட.

2012இல் கேள்வியே திரும்பியது. தானே ஓட்டிசம் உள்ள பிரித்தானிய சமூகவியலாளர் டேமியன் மில்டன், விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில் 8 பேர் கொண்ட வரிசைகளில் ஒரு கதையைக் காதுக்குக் காது கடத்தினார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குச் சமமாகவே கதையைக் காப்பாற்றியது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் கூடுதலாகத் தொலைந்தது.

இதெல்லாம் மாத்தளைக்கு ஏன்? 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கணித்தது. அப்படியானால் பெரிய பாடசாலை ஒவ்வொன்றிலும் சிலராவது இருக்கணும். ஆனால் பழக்கும் முறைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. "கண்ணைப் பார்த்துப் பேசு" என்கிறது அந்த ஊர்ப் பாடம். எங்க வீட்டிலோ பெரியவங்களை முறைச்சுப் பார்த்தால் ஏச்சுத்தான். அங்கே எல்லாருக்கும் ஒரே 'யூ'. இங்கே நீ, நீங்க, மாமா, சித்தி என்று ஆளுக்கொரு கணக்கு. ரத்தோட்டை பஸ்ஸில் ஏறினால் சிங்களமும் வேணும்.

அதனால் அந்தச் சின்னக் கதைகளை எங்க பேச்சிலேயே எழுதணும் என்கிறோம். கடை, கோயில், பஸ், பிள்ளைக்காம்பரா எல்லாம் அதில் வரட்டும். பாதிப் பாடம் எங்களுக்கும்தான்: பதில் வரும்வரை பொறுப்பது, சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்பது, பதில் வராவிட்டால் தாயைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது.